மடிக்கணினிக்கு ஓர் ஆற்றுப்படை

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கவியரங்கமும் நூல் திறனாய்வும் நிறைந்த இவ்விழாவில், ‘பள்ளி வகுப்பறையில் கணினி’ என்னும் தலைப்பை ஒரு தமிழ் விரிவுரையாளரிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். இது கணினித் துறையினர் பேச வேண்டிய பொருளாயிற்றே என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். அந்த எண்ணத்தைத்தான் இன்று கேள்விக்கு உட்படுத்த விரும்புகிறேன். மடிக்கணினி வகுப்பறைக்குள் வந்துவிட்டது. அதன் அருகில் தமிழாசிரியர் வந்து நிற்கவில்லை. அவர் வந்து நிற்கும் வரை அக்கருவியால் நம் பிள்ளைகளின் தமிழுக்கு ஆக்கம் இல்லை; கேடு விளையவும் வழியுண்டு. என் உரையின் சாரம் இவ்வளவே.

பரிசில் வந்தது, வழி வரவில்லை

2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள், அண்ணாவின் பிறந்த நாளன்று, திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் அன்றைய முதலமைச்சர் செல்வி ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளி ஆகியவற்றின் மேனிலை மாணவர்க்கும் கல்லூரி மாணவர்க்கும் எல்காட் நிறுவனத்தின் வழியாகக் கணினிகள் வழங்கப்பெற்றன. அடுத்த எட்டு ஆண்டுகளில் வழங்கப்பெற்றவை ஐம்பது இலட்சத்தை ஒட்டியவை. மிதிவண்டியே பெருஞ்செல்வமாக இருந்த வீடுகளுக்குள் கணினி நுழைந்தது. இது சிறிய செயலன்று. பின்னர்த் திட்டம் நின்றுபோயிற்று. 2025-26ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில், இரண்டு ஆண்டுகளில் இருபது இலட்சம் கல்லூரி மாணவர்க்குக் கைக்கணினியோ மடிக்கணினியோ வழங்கப்பெறும் என்று தமிழக அரசு அறிவித்தது. கருவி வழங்கும் மனம் எந்தக் காலத்திலும் நம் அரசுகளுக்குக் குறைந்ததில்லை.

ஆனால் ஒன்றை நினைத்துப் பாருங்கள். நாம் கூடியிருக்கும் இம்மண் ஓய்மாநாட்டு மண். திண்டிவனத்தை ஒட்டிய கிடங்கல்தான் நல்லியக்கோடனின் கிடங்கில் என்பதும், மரக்காணமே பழைய எயிற்பட்டினம் என்பதும் ஆய்வாளர் கருத்து. இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் 269 அடிகளில் பாடிய சிறுபாணாற்றுப்படை நம் ஊர்களின் பாட்டு. பத்துப்பாட்டில் ஆற்றுப்படைக்கு இத்துணைச் சிறப்பு வாய்த்தது ஏன்? பரிசில் பெற்ற பாணன் அதைத் தன்னோடு வைத்துக்கொள்வதில்லை. எதிரே வரும் வறிய பாணனை நிறுத்தி, எந்த வழியில் செல்வது, எந்த ஊரில் தங்குவது, அவ்வூர் மக்கள் எதை உண்ணத் தருவார்கள், அரசன் முன் எவ்வாறு நிற்பது என்பனவற்றையெல்லாம் கூறி ஆற்றுப்படுத்துகிறான். பரிசிலுக்கு நிகரான பெருமை வழிகாட்டலுக்கும் உண்டு என்பதே அவ்விலக்கிய வகையின் அறம்.

நம் மடிக்கணினித் திட்டத்தில் பரிசில் உண்டு, ஆற்றுப்படை இல்லை. என் வகுப்பிற்கு வரும் முதலாண்டு மாணவ மாணவியரிடம் இதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். “அண்ணனுக்குக் கொடுத்த கணினி வீட்டில் இருக்கிறது அம்மா, படம் பார்ப்போம், பாட்டுக் கேட்போம்” என்பார்கள். அதில் ஒரு பக்கமேனும் தமிழில் எழுதியதுண்டா என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். கைப்பேசியில் நண்பருக்குச் செய்தி அனுப்பும்போது எந்த எழுத்தில் எழுதுகிறீர்கள் என்று கேட்டால், ஆங்கில எழுத்தில் என்று தயக்கமின்றிச் சொல்வார்கள். பன்னிரண்டு ஆண்டுகள் தமிழ்வழியில் படித்தவர்கள் இவர்கள். இவர்கள் மீது குறை காண எனக்கு மனம் வரவில்லை. கருவியில் தமிழ் எழுதலாம் என்று எந்த வகுப்பிலும் எவரும் இவர்களுக்குச் சொல்லித் தரவில்லை.

கருவியின் அருகில் நின்றவர்கள்

எழுதுகருவி மாறும்போதெல்லாம் எழுத்தும் மாறியிருக்கிறது. ஓலையில் எழுத்தாணியால் எழுதிய காலத்தில் புள்ளி இட்டால் ஓலை கிழியும் என்பதால் பலர் மெய்க்குப் புள்ளி இடாமலேயே எழுதினர். குறில் எகரமும் நெடில் ஏகாரமும் ஒன்றுபோல் தோன்றின. வீரமாமுனிவர் அவற்றுக்கு வேறுபட்ட வடிவம் தந்தார். அச்சு வந்தது, புள்ளி மீண்டும் நிலைபெற்றது. கறையான் அரித்த ஏடுகளைத் தேடித் தொகுத்து, பாடம் ஒப்பிட்டு, உ.வே.சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டை அச்சேற்றினார். அச்சுப்பொறியை ஓட்டியவர் தொழிலாளர். ஆனால் அச்சுக்கூடத்தில் பிழை திருத்தி அமர்ந்திருந்தவர் தமிழ்ப் புலவர் அல்லவா? தட்டச்சுப்பொறியில் தமிழை ஏற்ற யாழ்ப்பாணத்து முத்தையா உழைத்தார். 1978இல் தமிழக அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது ணை, லை, றா முதலிய எழுத்துகள் எளிய வடிவம் பெற்றன.

கணினி வந்தபோதும் தமிழறிந்தோர் வாளாவிருக்கவில்லை. 1999ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற ‘தமிழ்நெட் 99’ மாநாட்டில் அறிஞரும் பொறியாளரும் கூடி ஆய்ந்ததன் பயனாகத் ‘தமிழ்99’ என்னும் பொது விசைப்பலகை உருப்பெற்றது. 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தோன்றியது. இன்று அது தமிழ் இணையக் கல்விக்கழகம். 2010இல், கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டி, ஒருங்குறியைத் தமிழக அரசு முறைப்படி ஏற்றது. ஆகவே மேல்தளத்தில் நிகழ வேண்டியவை பெரும்பாலும் நிகழ்ந்துவிட்டன. மாநாட்டு மேடையில் முடிவானது ஆறாம் வகுப்பின் பலகைக்கு வந்து சேரவில்லை என்பதே என் கவலை.

விசைப்பலகையில் எழுத்ததிகாரம்

தமிழ்99 விசைப்பலகையை முதன்முதல் பயின்றபோது எனக்கு எழுத்ததிகாரமே நினைவுக்கு வந்தது. முதலெழுத்து முப்பது என்பது தொல்காப்பிய மரபு. இவ்விசைப்பலகையிலும் உயிருக்குப் பன்னிரண்டு விசை, மெய்க்குப் பதினெட்டு விசை, ஆய்தத்துக்கு ஒன்று. முப்பத்தொரு விசைகளில் 247 எழுத்துகளும் பிறக்கின்றன. உயிர் பன்னிரண்டும் இடக்கைக்கு உரியவை. மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். மெய்யின் விசையைத் தட்டினால் அகரம் சேர்ந்த வடிவமே தோன்றும். மெய்யின் இயக்கம் அகரத்தோடு பொருந்தியது என்னும் இலக்கணம் இங்கு விரல்நுனியில் இருக்கிறது. ககரத்தின் பின் ஒகரத்தைத் தட்டினால் ‘கொ’. பழைய தட்டச்சுப்பொறியிலோ முதலில் கொம்பு, அடுத்துக் ககரம், பின்னர்க் கால் என மூன்று முறை தட்ட வேண்டும். பழைய முறை கண்ணுக்குத் தெரியும் வடிவத்தைப் பின்பற்றியது. புதிய முறை காதுக்குக் கேட்கும் ஒலியைப் பின்பற்றுகிறது.

இன்னும் ஒன்று. ‘அம்மா’ என்று எழுத அகரம், மகரம், மகரம், ஆகாரம் என நான்கு தட்டல் போதும். ஒரே மெய் இரட்டித்து வந்தால் முதலாவதற்குப் புள்ளி தானே விழும். ‘தங்கம்’ என்று எழுதும்போது ஙகரத்தின் பின் ககரம் வந்தவுடன் ஙகரம் தானே புள்ளி பெறும். மெல்லினம் தன் இனமான வல்லினத்தோடு மயங்கும் என்று நாம் கரும்பலகையில் எழுதிப் போட்டுப் பிள்ளைகளை மனப்பாடம் செய்யச் சொல்லும் விதியை இக்கருவி செய்து காட்டுகிறது. இதைப் பிள்ளைகளுக்கு விளக்குவதற்கு உரியவர் யார்? கணினி ஆசிரியருக்கு இது ஒரு விசை அமைப்பு. தமிழாசிரியருக்குத்தான் இது இலக்கணம்.

இதற்கு மாறாக, ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழைப் பெறும் முறை இன்று எங்கும் பரவியிருக்கிறது. அவசரத்திற்கு அது உதவும்; மறுக்கவில்லை. ஆனால் எழுத்துப் பழகும் பருவத்தில் அது கேடு செய்கிறது. லகரம், ளகரம், ழகரம் மூன்றும் அயல்மொழி எழுத்தொன்றின் மூன்று சாயல்களாகக் குழந்தையின் மனத்தில் பதிகின்றன. ரகர றகரமும் நகர னகர ணகரமும் அவ்வாறே மங்கிப்போகின்றன. தமிழ்99இல் ஒவ்வொன்றுக்கும் தனி இடம், தனி விசை. ‘பள்ளி’யையும் ‘பல்லி’யையும் கை தானே பிரித்தறியும். விடைத்தாள்களைத் திருத்தும் நம் எல்லோருக்கும் இவ்வேறுபாட்டின் விலை தெரியும்.

தேடுவதற்கும் புணர்ச்சி வேண்டும்

1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில், சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர்களின் உழைப்பால் நம் இலக்கியங்களைக் கணினிக்குள் ஏற்றி, விலையின்றி உலகுக்கு வழங்கியது. இன்று நூலகமே இல்லாத ஊரிலுள்ள பள்ளியிலும் சங்க நூல்களைத் திறந்து படிக்க முடியும். அவற்றுள் ஒரு சொல்லைக் கணினியிடம் கொடுத்தால் அது இருக்கும் இடத்தை நொடியில் காட்டும்.

இங்கேதான் ஒரு சுவையான சிக்கல் எழுகிறது. திண்டிவனத்து மாணவி ஒருத்தி தன் ஊரின் பழம்பெயரைத் தேடச் சிறுபாணாற்றுப்படையைத் திறந்து, ‘கிடங்கில்’ என்று தட்டுகிறாள் என்று கொள்வோம். பாட்டில் அச்சொல் வல்லினத்தோடு புணர்ந்து ‘கிடங்கிற்’ என்று நிற்கும் இடம் அவளுக்கு அகப்படாது. கணினி எழுத்தைப் பார்க்குமேயன்றிப் பொருளைப் பார்ப்பதில்லை. லகரம் றகரமாகத் திரியும் என்னும் விதியை அறிந்தவள் மட்டுமே ‘கிடங்கிற்’ என்று மாற்றித் தட்டித் தன் ஊரைக் கண்டடைவாள். ‘கற்றூண்’ என்னும் சொல்லுக்குள் கல்லும் உண்டு, தூணும் உண்டு. இரண்டையும் தனித்தனியே தேடினால் ஒன்றும் கிடைக்காது. ‘மரம்’ என்று தேடினால் மரவேரும் மரத்தையும் வாரா.

நன்னூல் புணரியலை எதற்கு ஐயா படிக்க வேண்டும் என்று பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வருகிறார்கள். தேர்வுக்கு என்று சொல்லி நாமும் நழுவி வந்திருக்கிறோம். இன்று அவர்களுக்குக் கொடுக்க நல்ல விடை ஒன்று இருக்கிறது. புணர்ச்சி இலக்கணம் அறியாதவருக்கு இக்களஞ்சியத்தின் பாதி பூட்டியே கிடக்கும். இந்த ஒரு பாடத்தை ஒரு மடிக்கணினியும் ஒரு திரையும் உள்ள வகுப்பறையில் நாற்பது நிமிடத்தில் நடத்திவிடலாம். நடத்த வேண்டியவர் தமிழாசிரியர்.

ஆளில்லாத கருவி

கருவி மட்டும் தனித்து நின்றால் என்ன ஆகும் என்பதற்கு உலகச் சான்றும் உண்டு, உள்ளூர்ச் சான்றும் உண்டு. தென் அமெரிக்க நாடான பெரு பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகளைப் பிள்ளைகளுக்கு வழங்கியது; அவை கற்பிக்கும் முறையோடு இணைக்கப்படாததால் கற்றல் மேம்படவில்லை என்று 2023ஆம் ஆண்டு யுனெஸ்கோ அறிக்கை எடுத்துரைத்தது. கருவி யாருடைய தேவைக்கு, யாருடைய நிபந்தனையின்படி வகுப்பறைக்குள் வருகிறது என்பதே அவ்வறிக்கை எழுப்பிய வினா.

உள்ளூர்ச் சான்று நமக்கு மிக அருகில் இருக்கிறது. 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டன. 2019இல் தொடங்கப்பெற்ற கல்வித் தொலைக்காட்சி பாடங்களை ஒளிபரப்பியது. கைப்பேசி வழியாக வகுப்புகள் நடந்தன. ஒரு வீட்டில் ஒரே கைப்பேசி; அதுவும் தந்தை வேலைக்குச் செல்லும்போது அவரோடு போய்விடும். மூன்று பிள்ளைகள் எப்படிப் படிப்பார்கள்? ஏற்பட்ட கற்றல் இடைவெளியைச் சரிசெய்ய 2021 அக்டோபர் 27ஆம் நாள் ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டம் தொடங்கப்பெற்றது. தொடங்கிய இடம், நம் விழுப்புரம் மாவட்டத்து மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பம். அத்திட்டத்தின் உயிர்நாடி தன்னார்வலர்கள். மாலை வேளையில் தெருத் திண்ணையிலும் மரத்தடியிலும் பிள்ளைகளை அமர்த்திக்கொண்ட அண்டை வீட்டு அக்காமார்களே அதை நடத்தினார்கள். திரை செய்ய முடியாததை ஒரு மனிதர் அருகில் அமர்ந்து செய்தார். எயிற்பட்டினத்துக் கடற்கரையில் மீண்டும் ஓர் ஆற்றுப்படை நிகழ்ந்தது என்றே நான் அதைக் கருதுகிறேன்.

இதனால் கருவியே வேண்டா என்று நான் சொல்வதாகக் கொள்ளலாகாது. 2023இல் பள்ளிக் கல்வித்துறை வெளியிட்ட காணொளிப் பாடச் செயலிக்குக் குறளிலிருந்து எடுத்து ‘மணற்கேணி’ என்று பெயர் வைத்தார்கள். அழகிய பெயர், பொருத்தமான எச்சரிக்கையும் அதில் உண்டு. மணற்கேணி தோண்டுபவருக்குத்தான் ஊறும். பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அது வெறும் மணல். பிள்ளை தானே எழுதவும் தேடவும் ஒப்பிடவும் செய்யும்போதுதான் கணினி கேணியாகும்.

இரண்டு ஐயங்கள்

மூத்த கவிஞர் சிலர், “கையால் எழுதும் பழக்கமே அழிந்துவிடுமே அம்மா” என்று வருந்துகிறார்கள். அவ்வருத்தம் எனக்கும் உண்டு. எழுத்தின் வடிவம் கையால்தான் மனத்தில் ஏற வேண்டும். ஆகவேதான் தொடக்க வகுப்புகளில் ஏடும் எழுதுகோலும் இருக்கட்டும், ஆறாம் வகுப்பிலிருந்து விசைப்பலகை வரட்டும் என்கிறேன்.

அடுத்த ஐயம் இன்னும் கூர்மையானது. 2022ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து, கேட்ட பொருளில் கட்டுரை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுப் பொறிகள் எல்லோர் கைக்கும் வந்துவிட்டன. இனி மாணவர் எழுதுவதற்கே தேவை என்ன என்று கேட்கிறார்கள். அப்பொறிகள் தாம் கற்ற தமிழை நாம் கணினியில் ஏற்றி வைத்த தமிழிலிருந்தே கற்கின்றன. நம் மரக்காணத்து உப்பளத் தொழிலாளியின் சொற்களும், நம் தெருக்கூத்துக் கலைஞரின் அடவுப் பெயர்களும், நடவு வயலில் நம் தாய்மார் பாடும் பாட்டும் ஏறாத வரை அவை இப்பொறிகளுக்குத் தெரியமாட்டா. தெரியாததை அவை ஒப்புக்கொள்வதும் அரிது, இட்டுக்கட்டி நிரப்பிவிடும். எவருடைய தமிழ் எழுத்தில் ஏறுகிறதோ அவருடைய தமிழே நாளை தமிழென்று அறியப்படும். ஆகவே நம் பகுதிப் பிள்ளைகள் தமிழில் தட்டச்சத் தெரியாமலிருப்பது தொழில்வாய்ப்பை மட்டும் பொறுத்த சிக்கலாக எனக்குப் படவில்லை. இம்மண்ணின் சொல் நிலைக்குமா, மறையுமா என்பதே இதில் அடங்கியிருக்கிறது.

வட்டத்தின் முன் மூன்று வேண்டுகோள்

பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் இவ்வட்டத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். பெரும்பொருள் வேண்டா, மனம் இருந்தால் போதும்.

முதலாவது, விழுப்புரத்தில் ஓர் அரசுப் பள்ளியையும் திண்டிவனத்தில் ஓர் அரசுப் பள்ளியையும் தலைமையாசிரியரின் இசைவோடு தேர்ந்துகொள்வோம். சனிக்கிழமைதோறும் ஒரு மணி நேரம் தமிழ்99 பயிற்சி அளிப்போம். தமிழ் இணையக் கல்விக்கழகம் எழுத்துருக்களையும் விசைப்பலகை மென்பொருளையும் விலையின்றித் தருகிறது. வீடுகளில் உறங்கும் பழைய மடிக்கணினிகளுள் இயங்கக்கூடியவற்றைப் பழுதுபார்த்தால் அவையே இப்பயிற்சிக்குப் போதும்.

இரண்டாவது, பயிற்சி பெறும் பிள்ளைகளுக்கு வெறும் பத்திகளைத் தட்டச்சு செய்யக் கொடுக்க வேண்டா. தம் பாட்டியிடம் கேட்ட ஒரு விடுகதையை, ஒரு பழமொழியை, தந்தையின் தொழிலில் வழங்கும் பத்துச் சொற்களை எழுதச் சொல்வோம். சொன்னவரின் இசைவு பெற்று, ஊர்ப்பெயரும் நாளும் குறித்து வைப்போம். ஓராண்டு முடிவில் ஒரு வட்டாரச் சொற்றொகுதி நம் கையில் இருக்கும்.

மூன்றாவது வேண்டுகோள் கவிஞர்களாகிய உங்களுக்கே. உங்களுள் பலருடைய கவிதைகள் பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பெற்று, குறுந்தகடுகளில் கிடக்கின்றன. அன்று ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கென ஒரு குறியீட்டு முறையைக் கொண்டிருந்தது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் கவிதை இருக்கும் இடத்தில் பொருளற்ற குறிகளே தெரியும். கறையான் தின்ற ஏட்டிற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. அவற்றை ஒருங்குறிக்கு மாற்றும் செயலிகள் உள்ளன. மாற்றியபின் எழுத்தெழுத்தாகப் பிழை பார்க்க வேண்டும். கவிஞர் அருகில் அமர்ந்து சொல்ல, மாணவர் திருத்தட்டும். கவிதையும் காக்கப்படும், மாணவருக்கும் கவிஞரின் அருகில் அமரும் பேறு கிடைக்கும்.

நண்பர்களே, அரசு கருவி தரும். அறிஞர் அவையம் விசைப்பலகை தரும். தன்னார்வலர் நூல்களை ஏற்றித் தருவர். அவை மூன்றையும் ஒரு பிள்ளையின் பத்து விரல்களோடு சேர்த்து வைப்பது ஆசிரியரின் பணி. தமிழாசிரியர் ஒவ்வொருவரும் வாரத்தில் ஒரு பாடவேளையைக் கணினியின் அருகில் நின்று நடத்துவாரானால், அடுத்த பத்தாண்டுகளில் இவ்வட்டத்தின் மேடையில் கவிதை படிக்க வரும் இளைஞர் தம் கவிதையைத் தாமே தமிழில் எழுதி, தாமே பிழை திருத்தி, தாமே நூலாக்கிக் கொண்டு வருவார்.